மூன்றாம் முறைக்கு ஒரு வெள்ளைக் கவர்

1

போன மாதம் இங்குள்ள இந்தியக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மகனைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்தவர் என்பது ஸ்வெட்டருக்கு மேல் இழுத்துச் சுற்றியிருந்த முந்தானையிலேயே தெரிந்தது. மெதுவாக வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"நீங்க ஸ்ரீவில்லிபுத்தூரா?"

"ஆமா."

"டீச்சரம்மா மகதான? டாக்டருக்குப் படிச்சுப் பாதியில விட்டவிய?"

ஊரைவிட்டு வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. ஒஹாயோவில் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போதும் அந்தக் கேள்வி என்னைக் கண்டுபிடித்துவிட்டது. "ஆமா, அவதான்" என்றேன். அவர் மம்சாபுரமாம், எங்கள் சபைக்குத்தான் வருவாராம். "எம்புட்டுப் பாடுபட்டு உங்கம்மா சேத்துவிட்டாவ. இப்பிடி விட்டுப்புட்டியளே" என்று எனக்காக வருத்தப்பட்டார். நான் மறுக்கவில்லை. நாலு முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

நான் எந்தக் காலத்திலும் டாக்டருக்குப் படித்தது கிடையாது. பிளஸ் டூவில் எனக்கு மெடிக்கலுக்குப் போதுமான மார்க்கு வரவில்லை. அந்தக் காலத்தில் 'இம்ப்ரூவ்மெண்ட்' என்று ஒன்று இருந்தது. அடுத்த வருடம் திரும்ப எழுதலாம், இரண்டில் எது அதிகமோ அதை வைத்துக்கொள்ளலாம். அம்மா என்னை ஒரு வருடம் வீட்டில் உட்கார வைத்தாள். கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போக மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் கூட்டிப்போவாள்.

எங்கள் சபையில் இரண்டு விதமான கவர் உண்டு. வேண்டுதலுக்கு மஞ்சள் கவர், அதை யாரும் வாசிக்க மாட்டார்கள். கிடைத்த நன்மைக்கு நன்றி சொல்ல வெள்ளைக் கவர். அதன் மேல் காரணத்தை எழுதிப் போட்டால் போதகர் ஆராதனையில் சத்தமாக வாசிப்பார். அம்மா மஞ்சள் கவரைக் கையால் தொட்டவள் அல்ல. "கேட்டு வாங்குறது பிச்சைக்காரன் பழக்கம். வாங்கியாச்சுன்னு முதல்லயே நன்றி சொல்லணும், அதான் விசுவாசம்" என்பாள். வீட்டுக் கிணற்றுக்குத் தண்ணீர் வருவதற்கு முன்பே அதற்கு வெள்ளைக் கவர் போட்டவள் அவள். கிணற்றில் தண்ணீர் வந்தது. அதனால் என் விஷயத்திலும் துணிந்துவிட்டாள்.

இம்ப்ரூவ்மெண்ட் முடிவு வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, "மகள் பியூலாவுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்ததற்காக ஸ்தோத்திரம்" என்று போதகர் வாசித்தார். ஆராதனை முடிந்ததும் பெண்கள் வரிசையில் வந்து என் கன்னத்தைக் கிள்ளினார்கள். முடிவு வந்தபோது எனக்கு முந்தைய வருடத்தைவிட ஒன்பது மார்க்கு குறைவு. அம்மா யாரிடமும் எதையும் திருத்தவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விடுதியில் பி.எஸ்ஸி. வேதியியலுக்குச் சேர்த்தாள். நான் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறியதை ஊர் பார்த்தது. மூன்று வருடத்தில் அதே பெட்டியோடு இறங்கியதையும் பார்த்தது. மீதியை ஊர் தானாக முடிவுகட்டிக்கொண்டது.

அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அவளை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

என் மகள் ஹன்னாவுக்கு வயது பதினேழு. இங்கே கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் எஸ்.ஏ.டி. என்ற தேர்வை எழுதுவார்கள். ஆங்கிலமும் கணக்கும். மொத்தம் 1600. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதுதான் இதில் உள்ள கொடுமை. நம் ஊரில் தோற்றால் தோற்றது. இங்கே தோற்கவும் விடமாட்டார்கள். பல கல்லூரிகள் ஒரு முறை எழுதியதில் கணக்கு மார்க்கையும் இன்னொரு முறை எழுதியதில் ஆங்கில மார்க்கையும் எடுத்து ஒட்டிப் பார்க்கும். எந்த நாளிலும் இருந்திராத ஒரு பிள்ளையை இப்படி வெட்டி ஒட்டித் தயார் செய்வதை நானும் முதலில் கேலி செய்தேன். பிறகு நானே கத்தரிக்கோல் எடுத்தேன்.

ஹன்னா மார்ச்சில் எழுதி 1390 வாங்கினாள். ஜூனில் 1430. அவளுக்குப் போதும் என்று தோன்றிவிட்டது. எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மிருக வைத்தியம் சம்பந்தமாக ஏதோ படிக்கவேண்டும் என்றாள். சனிக்கிழமைகளில் தெருநாய்க் காப்பகத்துக்குப் போய் நாய்களைக் குளிப்பாட்டிவிட்டு வருகிற பிள்ளை. எனக்கு 1550 வேண்டும். பெயரைச் சொன்னால் ஊரில் வாய் பிளக்கிற கல்லூரி வேண்டும்.

எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் சண்டை போடுவது அவள், தமிழில் சண்டை போடுவது நான். இருவருக்கும் எதிராளி சொன்னது பாதிதான் போய்ச்சேரும், அந்தப் பாதியே போதுமான சேதம் செய்யும். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அவள் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"அம்மா, எனக்கு முடிஞ்சிடுச்சு. மூணாவது தடவை எழுத மாட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா இந்த மார்க்கே எனக்குப் போதும்."

"உனக்குப் போதும். எனக்கு?"

"நீங்களா காலேஜுக்குப் போறீங்க?"

என் கணவர் சாமுவேல் தட்டைப் பார்த்துக்கொண்டு சாதம் பிசைந்தார். அவர் எங்கள் சண்டைகளில் வாடகைக்கு இருப்பவர் மாதிரி நடந்துகொள்வார். நான் அவளிடம் சொன்னேன்: "நாய்க்கு நகம் வெட்டவா உன்னைப் பெத்தேன்? அதுக்கு அமெரிக்கா எதுக்கு? ராஜபாளையத்துலயே இருந்திருக்கலாமே, அங்க உன்னைவிட நல்ல ஜாதி நாய் கிடைக்கும்."

நாய், ராஜபாளையம் என்ற இரண்டும் அவளுக்குப் புரிந்தன. எழுந்து தட்டைக் கழுவிவைத்துவிட்டு மாடிக்குப் போனாள். இதைச் சொன்னதற்கு நான் வருத்தப்பட்டேன் என்று எழுதினால் நீங்கள் என்னை நல்லவளாக நினைப்பீர்கள். அன்றைக்கு எனக்கு வருத்தம் இல்லை. நல்ல வாக்கியமாக வந்து விழுந்துவிட்டதே என்ற திருப்திதான் இருந்தது.

அதன் பிறகு மூன்று வாரம் இடைவிடாமல் அவளை நெருக்கினேன். குளிர்பெட்டிக் கதவில் 1430 என்று எழுதி ஒட்டினேன். அவள் தோழியின் மார்க்கை அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் விசாரித்து அதையும் பக்கத்தில் ஒட்டினேன். அவள் நாய்க் காப்பகத்துக்குக் கொண்டுபோய் விடச் சொன்னால் கார்ச் சாவியைத் தேடுவது மாதிரி அரைமணி நேரம் தேடினேன். ஹன்னா கத்தவில்லை. என்னோடு பேசுவதைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டாள். ஆம், இல்லை, தெரியாது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால்கூட இதைவிட அதிகம் பேசுவார்கள்.

3

என் அக்கா கிரேஸ் ராஜபாளையத்தில் இருக்கிறாள். பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். அத்தானுக்கு ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை. ஞாயிறு காலை இருவரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, எங்கள் பழைய சபைக்கே வருவார்கள். ராஜபாளையத்தில் சபை இல்லாமல் இல்லை. அம்மாவின் இடத்தில் இன்னொருத்தி உட்காரக் கூடாது என்பதற்காக அக்கா வருகிறாள்.

அவளுடைய ஒரே மகள் நிஷா. பத்தொன்பது வயது. நீட் இரண்டு முறை எழுதிவிட்டாள். இரண்டாவது முறை மார்க்கு ஏறியது, ஆனால் அரசுக் கல்லூரி இடத்துக்கு எட்டவில்லை. மதுரையில் நர்சிங் இடம் கிடைத்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேரவேண்டும். சேர்வதா, மூன்றாவது முறை நீட் எழுதுவதா என்று அந்த வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பூமியின் இரண்டு பக்கத்திலும் ஒரே பேச்சுதான்.

ஒருநாள் நிஷாவே என்னைக் கூப்பிட்டாள். "சித்தி, நீங்க அம்மாட்ட கொஞ்சம் சொல்லுங்க. நா நர்சிங்குக்குப் போறேன். என்னால திரும்ப அந்த நீட் கோச்சிங் ஹாஸ்டல்ல இருக்க முடியாது. காலைல நாலரைக்கு மணி அடிப்பாவ. பாத்ரூம்ல கூட பார்முலா ஒட்டியிருப்பாவ. எனக்கு முடி எம்புட்டுக் கொட்டிருச்சு பாருங்க." கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். வகிடு அகன்றிருந்தது.

"சொல்லுதேன்டா" என்றேன்.

அக்காவிடம் சொல்லவும் செய்தேன். அக்கா அன்றைக்கு இளகித்தான் இருந்தாள். "அவ முகத்தப் பாத்தா எனக்கே பாவமா இருக்குட்டி. நர்சும் நல்ல வேலதான? ஒங்க அத்தானும் சேத்துவிட்ருங்காவ. அடுத்த வாரம் வெள்ளிக்கெழமை மதுரைக்குப் போயிட்டு வந்துருதோம்" என்றாள். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை.

4

அதே வாரம் ஹன்னா என்னிடம் ஆகஸ்ட் தேர்வுக்கும் பதிவு செய்ய மாட்டேன் என்று கடைசியாகச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, குளிர்பெட்டிக் கதவில் இருந்த இரண்டு காகிதங்களையும் கிழித்துக் குப்பையில் போட்டாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆத்திரத்தில் அவரவர் அம்மா மாதிரிதான் ஆகிறோம். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது சும்மா இல்லை. நான் அக்காவுக்கு வாட்ஸாப்பில் ஒரு செய்தி அனுப்பினேன்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை ஹன்னா பேருல வெள்ளைக் கவர் போட்ரு. எஸ்.ஏ.டி. மூணாவது தடவை. 1550."

அவ்வளவுதான். எங்கள் வீட்டில் வெள்ளைக் கவர் என்றால் முன்கூட்டித்தான், அக்காவுக்குத் தெரியாதா என்று நினைத்தேன். என் விசுவாசத்தைக் கடவுளுக்குக் காட்டினால் ஹன்னாவின் மனதை அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதுவும் பாதிதான். சபை முழுக்கத் தெரிந்துவிட்டால் ஹன்னாவுக்கு வேறு வழி இருக்காது என்பதுதான் மீதிப் பாதி. என்னை அப்படித்தானே அடைத்தார்கள்.

ஆராதனையை இப்போது யூடியூபில் போடுகிறார்கள். பதிவை ஞாயிறு காலை காபியோடு பார்த்தேன். போதகர் கவரைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்து வாசித்தார்: "அமெரிக்காவில் வசிக்கும் நம் சபையின் மகள் பியூலா அம்மா குடும்பம். மகள் ஹன்னா மூன்றாம் முறையாக எழுதிய தேர்வில் ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது மதிப்பெண் பெற்றதற்காக." சபை அல்லேலூயா சொன்னது. அக்கா வெள்ளைச் சேலையில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள். பக்கத்தில் நிஷா. நான் பதிவை அங்கே நிறுத்திவைத்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் வாழ்த்து வரத் தொடங்கியது. வன்னியம்பட்டியில் இருக்கும் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை முதல் என்னோடு படித்தவர்கள் வரை. எல்லோருக்கும் கும்பிடு போடும் பொம்மை அனுப்பினேன். பிறகு அக்கா கூப்பிட்டாள்.

"ஏட்டி, மூணாவது தடவையில வாங்கிட்டாளே! 1430ல இருந்து இம்புட்டு ஏறுமா?"

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அக்கா, அவ இன்னும் எழுதலக்கா" என்று நான்கு சொல். அக்கா அதற்கு இடம் கொடுக்காமல் பேசிக்கொண்டே போனாள்.

"இவளும் கேட்டுக்கிட்டுதான் இருந்தா. கோயில விட்டு வந்ததும் நாஞ் சொன்னேன், பாருட்டி, ஒனக்கு எளையவ, அவளே மூணு தடவ எழுதியிருக்கா, நீ ரெண்டுக்கே களச்சுப் போயிட்டேன்னு சொல்லுத. செத்த நேரங் கழிச்சு, சரிம்மா எழுதுதேன்னுட்டா. ஹாஸ்டலுக்குப் போன் போட்டாச்சு. செவ்வாக்கெழம கொண்டுபோய் விடுதோம்."

"நர்சிங்?"

"அத விட்ற வேண்டியதுதான். ஒம் மகதான் எங்களுக்குக் கண்ணத் தொறந்துவிட்டா."

வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாளும் எனக்குப் போன் இருந்தது, கை இருந்தது, குரல் இருந்தது. அலுவலகத்துக்குப் போனேன், பல் டாக்டரிடம் போனேன், கார் இன்சூரன்ஸ் ஆட்களோடு நாற்பது நிமிடம் பேசினேன். நிஷா சும்மா இருந்து கெட்டுப்போவதைவிட இன்னொரு முறை எழுதட்டுமே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதை நம்பவும் ஆரம்பித்தேன். உண்மை இதுதான்: ஊரில் ஒரு முறை பொய்யான டாக்டராக இருந்தாயிற்று. இரண்டாவது முறை ஊர் சிரிப்பதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. அதற்கு விலையாக நிஷாவின் ஒரு வருடம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை போயிற்று.

5

ஹன்னாவுக்குத் தெரிந்தது காரில். கார் ஓட்டப் பழகும் பிள்ளைகள் பெற்றவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஓட்டவேண்டும் என்பது இங்கே சட்டம். அவள் என்னோடு கட்டாயமாகச் செலவழித்த நேரம் அது ஒன்றுதான். என் போன் காரோடு இணைந்திருந்தது. அத்தானின் குரல்செய்தி வந்தது, நான் வேறு எதையோ அழுத்தப்போய் கார் முழுக்க அத்தான் குரல்: "ஹன்னா கண்ணு, ஆயிரத்தி அஞ்நூத்தி அம்பதாமே! ஒன்னப் பாத்துதான் ஒங்க அக்கா நர்சிங்க விட்டுட்டு திரும்ப ஹாஸ்டலுக்குப் போயிருக்கா. அவளுக்கும் ஜெபம் பண்ணிக்கோம்மா."

ஹன்னா ஒரு கடை வாசலில் காரை நிறுத்தினாள். ஒழுங்காகக் கோட்டுக்குள் நிறுத்தி, கைப்பிரேக் போட்டுவிட்டுக் கேட்டாள். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், இம்ப்ரூவ்மெண்ட் வரை. அவளுக்கு என் மேல் இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன்.

"நிஷா அக்காவுக்குப் போன் பண்ணுங்க" என்றாள்.

"ஹாஸ்டல்ல போன் கிடையாது. அவ போன் பெரியம்மாகிட்டதான் இருக்கு. மாசத்துல ஒரு ஞாயிறு போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான்."

"அப்ப பெரியம்மாவுக்குப் பண்ணுங்க."

"பண்ணி என்ன செய்ய? நர்சிங்ல சேரவேண்டிய நாள் முடிஞ்சுபோச்சு. இப்ப சொன்னா அவளுக்கு அதுவும் இல்ல, இதுவும் இல்ல. உடைஞ்சிடுவா." பிறகு எனக்கே ஆச்சரியமான நிதானத்தோடு சொன்னேன்: "இதை உண்மையாக்க ஒரே ஒரு ஆளாலதான் முடியும். அக்டோபர்ல தேர்வு இருக்கு. நீ 1550 வாங்கிட்டா யாரும் யாரையும் ஏமாத்தல."

பாருங்கள், மாட்டிக்கொண்ட இடத்திலும் நான் காரியத்தில் கண்ணாக இருந்தேன். ஹன்னா கண்ணாடி வழியாக வெளியே வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பதிவு பண்ணுங்க" என்றாள்.

அன்றைக்கே பதிவு செய்தேன். அவள் அடையாள அட்டைப் படத்தை மேலேற்றவேண்டும், படம் மங்கல் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், பக்கத்தில் இருந்த மையங்கள் நிரம்பிவிட்டதால் ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. ஒவ்வொரு தடங்கலையும் சந்தோஷமாகத் தாண்டினேன். மாடியில் அவள் அறையில் விளக்கு எரிந்தது, மேசையில் புத்தகம் திறந்திருந்தது. வெட்டிய ஆப்பிள் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் இறங்கிவருவேன். கடவுள் அம்மாவின் கிணற்றுக்குச் செய்ததை எனக்கும் செய்கிறார் என்று சாமுவேலிடம் சொன்னேன். அவர், "கிணத்துக்கு வாய் இல்ல" என்றார். அந்த மனிதர் அந்த வருடம் சொன்ன ஒரே முழு வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

தேர்வு நாளன்று நான்தான் கூட்டிப்போனேன். இரண்டேகால் மணி நேரம் காரில் உட்கார்ந்து பைபிளில் சங்கீதம் வாசித்தேன். வெளியே வந்தவள் முகம் தெளிவாக இருந்தது. "எப்படி?" என்றேன். "நினைச்ச மாதிரி எழுதினேன்" என்றாள். வழியில் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள்.

6

முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன். குடும்ப வாட்ஸாப் குழுவில் ஹன்னா ஒரு படம் போட்டிருந்தாள். மார்க்குப் பக்கத்தின் படம். நானூறு.

அதற்குக் கீழே அந்தத் தேர்வில் மார்க்கே கிடையாது. வேண்டுமென்றே எல்லாவற்றுக்கும் தவறான விடையாகப் பார்த்துப் போட்டிருக்கிறாள். அப்படிப் போடுவதற்கும் சரியான விடை எது என்று தெரிந்திருக்கவேண்டும், அதற்குத்தான் இரண்டு மாதம் படித்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கவோ எழுதவோ வராது. ஆங்கில எழுத்தில், தனக்குத் தெரிந்த தமிழில் படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "நிஷா அக்கா, 1550 பொய். அப்ப நான் எழுதவே இல்ல. இதுதான் என் மூணாவது தடவை. உனக்காக எழுதினேன். நீ வீட்டுக்குப் போ. ப்ளீஸ்."

பன்னிரண்டு பேர் இருக்கும் குழு அது. ஊரில் அப்போது எல்லோரும் தூங்கும் நேரம். நான் பெண்கள் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அக்காவை எழுப்பினேன். பார்க்கச் சொன்னேன்.

"ஒனக்கு நடந்ததுக்குப் பொறவும், நம்ம வீட்ல யாரும் முன்கூட்டிக் கவர் போட மாட்டாவன்னு நெனச்சேம்ட்டி" என்றாள் அக்கா. "அம்மா தெரியாமச் செஞ்சா. நீ தெரிஞ்சு செஞ்சிருக்க."

"ஆமாக்கா."

"எம் பிள்ளைக்கு நர்சிங் போச்சு."

"ஆமாக்கா."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு குரலில் பேசினாள்.

"அழிச்சிட்டேன். குரூப்புல நாந்தான அட்மின். நிஷா போன்லயும் பாத்துட்டேன், இப்ப ஒண்ணும் இல்ல. யாரும் பாத்திருக்க மாட்டாவ. ஒங்க அத்தானுக்கும் சொல்ல வேண்டாம்."

"அக்கா, நிஷாகிட்ட…"

"அவ படிக்கட்டும். போன வாரம் டெஸ்ட்ல அம்பது மார்க்கு ஏறியிருக்கா. ரூம் செவுத்துல ஹன்னா பேர எழுதி, பக்கத்துல 1550ன்னு எழுதி ஒட்டி வச்சிருக்காளாம். போன ஞாயிறு பாக்கப் போனப்ப அவளே சொன்னா. வேண்டாம்னு தோணுறப்பல்லாம் அதப் பாப்பாளாம். இப்பப் போயி அதக் கிழிக்கச் சொல்லுதியா?"

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "தேங்க்ஸ்க்கா" என்றேன். வாழ்க்கையில் அக்காவுக்கு நான் மனமார நன்றி சொன்னது அப்போதுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு மூன்று மணி கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை ஹன்னா அடுக்களைக்கு வந்தாள். அவள் போனிலும் அந்தச் செய்தி இல்லை. யாரோ நீக்கியிருக்கிறார்கள் என்று மட்டும் காட்டியது. அதை என்னிடம் நீட்டினாள்.

"நிஷா அக்கா பார்த்தாளா?"

"பார்த்துட்டா. பெரியம்மா காலைலயே ஹாஸ்டலுக்குப் போய்க் காட்டினாங்க. மத்தவங்க பார்க்க வேண்டாம்னு குரூப்புலேர்ந்து எடுத்துட்டாங்க."

"என்ன சொன்னா?"

"சிரிச்சாளாம்" என்றேன். "அழுதுகிட்டே சிரிச்சாளாம். பெட்டியைக் கட்டிட்டாளாம். பெரியப்பா போய்க் கூட்டிட்டு வாராங்க."

ஹன்னா என்னைக் கட்டிப்பிடித்தாள். கோடைக்குப் பிறகு முதல்முறையாக. என் தோளில் அவள் அழுதது சட்டை வழியாகத் தெரிந்தது. "ஸாரிம்மா, உங்களை எல்லார் முன்னாடியும் அப்படிப் பண்ணினதுக்கு" என்று தமிழில் சொன்னாள். பரவாயில்லை என்று அவளை மன்னித்தேன். அன்றைக்கு அவளுக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்தேன், இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இப்போது மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 1430 போட்டு விண்ணப்பம் அனுப்பிவிட்டாள். என்னோடு நன்றாகப் பேசுகிறாள். நிஷா அக்கா ஏன் கூப்பிடுவதே இல்லை என்று எப்போதாவது கேட்பாள். வேலை தேடிக்கொண்டிருக்கிறாள் என்பேன்.

இதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்ப எனக்குப் பயம் இல்லை. ஹன்னாவால் இதை வாசிக்க முடியாது. நிஷாவின் ஹாஸ்டலுக்குள் பாடப்புத்தகம் தவிர வேறு காகிதம் போகாது. அக்கா வாசித்தால் மடித்து ஒளித்து வைப்பாள். மீதி இருப்பது நீங்கள். நீங்களும் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை உள் அறையில் உட்கார்ந்து திரும்பப் படித்துக்கொண்டிருக்கும், அது இதைப் பார்த்துவிடக் கூடாது என்று நீங்கள் இந்நேரம் பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள்.